நாலு பாயிண்டு கூடுதல்

ஒரு பெரிய மில்லின் ஜெனரல் மேனேஜர், அரைக்கால் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக உடைமரப் புதருக்குப் பின்னால் குந்தி ஒளிந்துகொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். புலிக்குப் பயந்து அல்ல. மலையடிவாரம், சமயத்தில் புலியும் வரும் ஊர்தான். ஆனால் அவர் பயந்தது எங்கள் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த ஐந்தடி உயர மனிதர் ஒருவருக்கு. தாமிரபரணியின் இரு கரையிலும் அவரைப் போல் இன்னொருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்து, இரண்டும் சரியில்லை என்று தள்ளியிருப்பார்கள்.

வெர்னியர் அண்ணாச்சி. மஸ்டர் ரோலில் வேறு பேர் உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒர்க் ஷாப்பில் அவர் இன்ஸ்பெக்டர். டர்னர் கடைந்து கொடுக்கிற புஷ், தண்டு, பல்சக்கரம் எதுவானாலும் அவர் கைக்கு வந்துதான் மெஷினுக்குப் போக வேண்டும். வெர்னியர் என்கிற இரும்பு அளவுகோலால் சாமானை ஒரு கவ்வு கவ்வுவார். அது மில்லிமீட்டரை ஐம்பதாகக் கூறுபோட்டுச் சொல்லும். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். இல்லாவிட்டால் பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்புப் பெயிண்ட். அந்தச் சிவப்பை அழிக்க அந்த மில்லில் ஆள் கிடையாது.

வேலை நேரத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சாயங்காலமும் சட்டைப் பையில் அந்த வெர்னியரோடுதான் வெளியே வருவார். நேரே கேட் வாசல் டீக்கடை.

"என்ன வே, நேத்து வடை எழுவத்திரெண்டு மில்லி இருந்துச்சு. இன்னைக்கு அறுவத்தெட்டு."

"எண்ணெயில போட்டா சுருங்கத்தான அண்ணாச்சி செய்யும்?" என்பார் கடைக்காரர்.

"நேத்தும் எண்ணெயிலதான போட்டீரு? சரி, வடை சுருங்குச்சு. ஓட்டை மட்டும் எப்படி வே பெருசாச்சு?"

அதன்பிறகு அண்ணாச்சி தலை தெரிந்தாலே கடைக்காரர் வடைத் தட்டை மூடிவிட்டு, "பஜ்ஜிதான் இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். பஜ்ஜிக்கு இன்ன வடிவம் என்று கிடையாதாகையால் அதை மட்டும் அண்ணாச்சி மன்னித்து வைத்திருந்தார்.

பத்தமடைக்குக் கல்யாணப் பாய் வாங்கப் போனவர், ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட மூன்று மில்லி கூடுதல் என்று நெய்த அம்மாளிடமே வாதாடினாராம். அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது படுக்கதுக்கா, இல்ல பாலம் கட்டதுக்கா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி நிஜமாகவே யோசித்தார். "படுக்கதுக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். நியாயம் என்று பட்டால் அந்த நிமிஷமே கேட்டுக்கொள்வார். பட வைப்பதுதான் பாடு.

இனி கோல்ஃபுக்கு வருகிறேன். ஆமாம், கோல்ஃப்தான். எங்கள் மில்லுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் ஒன்று இருந்தது. பச்சைப் புல்வெளியை நினைத்துக்கொள்ளாதீர்கள். புல் முளைத்தால் ஆடு விட்டுவைக்காது. ஆறு குழிகள். குழியைச் சுற்றி மட்டும் மணலில் கழிவு எண்ணெய் ஊற்றித் தேய்த்துச் சமமாக்கியிருப்பார்கள். மீதி முழுக்கச் செம்மண்ணும் உடைமுள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிகாரிகள் தோல் பையில் விதவிதமான மட்டைகளோடு வந்து, ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அடித்துக் குழிக்குள் தள்ளுவார்கள். குறைந்த அடியில் தள்ளியவர் கெட்டிக்காரர்.

வருஷத்துக்கு ஒருமுறை மலைமேலிருந்து தேயிலை எஸ்டேட்காரர்கள் ஜீப்பில் இறங்குவார்கள். கோப்பைக்கு ஆட்டம் நடக்கும். கோப்பையோடு ஜீப் மேலே போய்விடும். எஸ்டேட் மேனேஜருக்கு ஒரு முழ மீசை. ஊரில் எல்லோரும் அவரை 'துரை' என்பார்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் கோப்பை அவர் வீட்டு ஷோகேஸில்தான் இருந்தது. அதன்மேல் பொறித்திருந்ததோ எங்கள் மில்லின் பெயர். எங்கள் ஜி.எம்.முக்கு இது ஆறாத புண்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் ஜி.எம்.மின் மச்சினர் வெளிநாட்டிலிருந்து ஒரு மட்டை கொண்டுவந்து கொடுத்தார். பந்தைத் தூக்கி அடிக்கிற இரும்பு மட்டை. இரும்பு மட்டை எல்லாவற்றின் முகத்திலும் குறுக்காகக் கோடு கோடாகச் சின்னப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். இதில் கோடு கொஞ்சம் அகலம், விளிம்பு கொஞ்சம் கூர். பந்து அந்தக் கோட்டில் உராய்ந்து சுழன்றுகொண்டே போகும். விழுந்தால் விழுந்த இடத்தில் உட்காரும். மற்றவர்கள் அடித்த பந்து விழுந்து ஆட்டு மந்தை வரை உருண்டோட, ஜி.எம். பந்து மட்டும் பந்தியில் முதல் இலை பிடித்த ஆள் மாதிரி அசையாது.

செய்தி மலையேறிவிட்டது. துரை கடிதத்தோடு நேரிலேயே இறங்கி வந்தார். அந்தக் கோடு சட்டப்படி செல்லாது, பரிசோதிக்க வேண்டும் என்றார். கிளப்பில் கமிட்டி கூடியது. இங்கிலீஷ் டைப் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, ஆட்களின் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ் கிளார்க்கான என்னை மூலையில் உட்கார்த்தி நடவடிக்கைக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"மட்டை எதுவானால் என்ன? அடிக்கிறது நான்தானே?" என்றார் ஜி.எம்.

"அப்படியானால் பழைய மட்டையிலேயே அடியுங்களேன்" என்றார் துரை.

மில் டாக்டர், "இன்றைக்குக் கோடு கூடாது என்பீர்கள். நாளைக்கு மூக்குக்கண்ணாடி போட்டு ஆடக்கூடாது என்பீர்களா?" என்று கேட்டார். வெளிநாட்டில் இதே கோட்டுக்காகக் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்று தடவை டீ வந்தது. கடைசியில் பீரோவிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார்கள். கோட்டின் அகலம் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருந்தது. மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒர்க் ஷாப் பாஷையில் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்டு. ஆக, தொண்ணூறு பாயிண்டு.

"இதை யார் அளப்பது?" என்று எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம வெர்னியர் அண்ணாச்சி இருக்காரே சார்" என்றேன்.

அண்ணாச்சி அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. சட்டப் புத்தகத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பையில் பதினாலு மட்டைக்கு மேல் கூடாது. மட்டையின் நீளம் பதினெட்டு இஞ்சுக்குக் குறையக்கூடாது. ஆட்டத்துக்கு நடுவில் மட்டையின் தன்மையை மாற்றக்கூடாது. கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"யாரு லே இத எழுதுனது? நம்ம ஆளு மாதிரில்லா இருக்கான்! சரி, ஜி.எம். மட்டைன்னா தனியா ஏதும் அளவு போட்டிருக்கானா?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

"அப்ப சரி" என்று சாப்பாட்டுத் தூக்கை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்; வெள்ளிக்கிழமை மத்தியானம் பரிசோதனை. கிளப் வாசலில் மேஜை போட்டு, அம்மை ஊசிக்குப் பிள்ளைகளை நிறுத்தியது போல் மட்டைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கோட்டுக்குள் வெர்னியரின் அலகு நுழையாதென்று அண்ணாச்சி மெல்லிய எஃகுத் தகடுகளைக் கொண்டுவந்திருந்தார். எந்தக் கனத் தகடு கோட்டுக்குள் இறங்குகிறதோ அதுதான் அகலம். ஜி.எம். மட்டையில் தொண்ணூறு இறங்கியது. தொண்ணூற்றிரண்டு இறங்கியது. தொண்ணூற்று நாலும் பைய இறங்கியது.

"நாலு பாயிண்டு கூடுதல் சார்."

ஜி.எம். சிரித்தார். "நாலு பாயிண்டா? என் தலைமுடியைவிடக் குறைவு ஐயா அது!"

அண்ணாச்சி ஒரு வினாடி யோசித்தார். ஜி.எம்.மின் தலையைப் பார்த்தார், அங்கே எடுக்கிற அளவுக்கு இருப்பு இல்லை. தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி வெர்னியரில் வைத்துக் கவ்வினார்.

"முடி ஆறு பாயிண்டு. நீங்க சொன்னது சரிதான் சார், முடியவிடக் கொறைவுதான். ஆனா கூடுதல்." பிரஷ்ஷை எடுத்தார். வெளிநாட்டு மட்டையின் நெற்றியில் சிவப்புச் சொட்டு விழுந்தது.

துரை மீசையைத் தடவிக்கொண்டு கடகடவென்று சிரித்தார். அண்ணாச்சி திரும்பி, "அடுத்தது உங்க மட்டை, துரை" என்றார்.

குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டித் தள்ளுகிற மட்டை ஒன்று உண்டு. துரை கோப்பை கோப்பையாக ஜெயித்ததெல்லாம் அந்த மட்டையால்தான். அதன் கம்பு செங்குத்தாக நிற்கக்கூடாது, பத்து டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணாச்சி கோணமானியை வைத்தார். எட்டு டிகிரி. இரண்டாவது சிவப்புச் சொட்டு. சிரிப்பு நின்றது. மற்ற பதினோரு பேரின் மட்டைகளும் சரியாக இருந்தன.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். அத்தனை வருஷம் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் வராந்தா ஓரமாகப் போய் ஐந்தே நிமிஷத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். "நாங்கள் பேசிக்கொண்டோம். என் மட்டைக்கு அவர் ஆட்சேபம் இல்லை, அவர் மட்டைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயிண்டைத் துடைத்துவிடலாம்" என்றார் ஜி.எம்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க சார். மத்த பதினோரு பேரு? அவங்க மட்டையெல்லாம் சரியா இருக்கே. சரியா வச்சிருக்கவன் என்ன சார் தப்பு செஞ்சான்?"

ஜி.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவரை ஃபோர்மேன் ஆக்குகிற பைல் என் மேஜையில்தான் இருக்கிறது. அவருக்கு அது தெரியுமா என்று சும்மா கேட்டுப் பார்" என்றார்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி சம்சாரம் மதினி அப்போதுதான் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் ஆனால் ஆற்றோரக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அங்கே அடுப்படிக்குள்ளேயே குழாய். நான் விஷயத்தைச் சொன்னதும் மதினி குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"ஏன் தம்பி, நாலு பாயிண்டுன்னா எம்புட்டு இருக்கும்?"

இரண்டு விரலை வைத்துக் காட்டப் பார்த்தேன். விரல்கள் ஒட்டிக்கொண்டன.

"இதுக்கா என் கொழா கைவிட்டுப் போகுது?"

"ஏளா, அந்தக் கொழா கசிஞ்சா என்னையத்தான ஏசுவ?" என்றார் அண்ணாச்சி. "கசியுதது எதனால? வாஷர்ல நாலு பாயிண்டு கொறஞ்சா கசியும்." பிறகு என்னிடம், "லே, சிவப்பு வச்சா செத்துப்போச்சுன்னா அர்த்தம்? சில சாமானத் தூரப் போடணும், சில சாமானத் திருத்திப்புடலாம். அந்த மட்டையத் திருத்திரலாம். சார்தான் காது குடுக்க மாட்டங்காரு" என்றார்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஜி.எம். தன்னந்தனியாகப் பழைய மட்டையில் பழகிக்கொண்டிருந்தார். தூரத்தில் எங்களைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போதுதான் அந்த உடைமரப் புதர். மிச்சம் இருந்த மட்டைகளையும் அளக்க வருகிறார் என்று நினைத்துவிட்டாராம், பிற்பாடு சொன்னார்.

அண்ணாச்சி புதருக்கு நாலு அடி தள்ளி நின்றுகொண்டார். எட்டிப் பார்க்கவில்லை, அந்த மரியாதை அவருக்கு உண்டு. புதரைப் பார்த்தே பேசினார்.

"சார், வாய்க்கா கரை ரெண்டும் சரிவாத்தான இருக்கும்? மேல வழிச்சு எடுத்தா வாய்க்கா அகலம் கொறையுமா, கொறையாதா?"

புதர் லேசாக அசைந்தது. பிறகு, "குறையும்" என்றது.

"உங்க மட்டையில கோடும் அந்த மாதிரிதான் சார், சரிவா வெட்டியிருக்கான். முகத்த லேசா வழிச்சா மேல்வாய் குறுகிரும். தொண்ணூறுக்குக் கொண்டாந்துரலாம்."

"மட்டை கெட்டுப்போகாதே?" என்று கேட்டபடி ஜி.எம். எழுந்து நின்றார். முழங்காலில் இரண்டு முள்.

அன்று மத்தியானம் வரை ஜி.எம். ஒர்க் ஷாப்பில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி இரும்புப் பலகையின் மேல் எமரி தாளை விரித்து, மட்டையின் முகத்தை அதில் வைத்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தார். நாலு தேய்ப்புக்கு ஒரு தரம் தகட்டை இறக்கிப் பார்ப்பார். முதலில் தொண்ணூற்று நாலு மறுத்தது. பிறகு தொண்ணூற்றிரண்டு மறுத்தது. ஜி.எம். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்ணூறு மட்டும் சிக்கென்று இறங்கி நின்றது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். கந்தலில் மண்ணெண்ணெய் தொட்டுச் சிவப்பைத் தானே துடைத்தார். அதே கையோடு துரையின் மட்டையை வைஸ் என்கிற இடுக்கியில் பிடித்து, கழுத்தை இரண்டு டிகிரி வளைத்தார்.

"எதிராளி மட்டையை நம் ஒர்க் ஷாப்பிலா?" என்றார் ஜி.எம்.

"அதுவும் சிவப்புதான சார்?"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கடைசிக் குழி வரை சமமாகப் போனது. ஜி.எம். தூக்கி அடித்த பந்து குழிக்கு ஒரு முழத்தில் விழுந்து உட்கார்ந்தது. கைதட்டல் அடங்கவில்லை, துரை இருபது அடி தூரத்திலிருந்து, அண்ணாச்சி வளைத்துக் கொடுத்த மட்டையால் தள்ளினார். பந்து வீட்டு வாசல் தெரிந்த மாடு மாதிரி நேரே போய்க் குழிக்குள் இறங்கியது. பதற்றத்தில் ஜி.எம்.முக்கு அந்த ஒரு முழத்தைக் கடக்க இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. கோப்பை மறுபடியும் மலையேறியது. "இத்தனை வருஷத்தில் இந்த மட்டை இவ்வளவு நேராக ஓடியதில்லை!" என்று துரை அண்ணாச்சியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஜி.எம். பார்வையைத் தாங்காமல் நான் ஆட்டு மந்தையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பைல் குப்பைக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளை ஃபோர்மேன் ஆக்கி ஒர்க் ஷாப்பிலேயே கட்டிப்போடு. நான் மாறுதலாகிப் போவதற்குள் ஆர்டர் வர வேண்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அடுத்த மாசம் மாறுதல்.

ஃபோர்மேனுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு ஐந்து மாசம் குறைந்தது. புதிதாக வருகிற ஜி.எம். ஃபோர்மேனாக யாரைக் கூட்டிவருவாரோ? மதினியின் இடுப்புக் குடம் கண்முன் வந்தது. டைப் அடிக்கும்போது, சேர்ந்த மாசம் நவம்பர் என்பதை ஜூன் ஆக்கினேன். ஜி.எம். கையெழுத்துப் போட்டார். மதினி தெருவுக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆர்டரைப் படித்துவிட்டு அண்ணாச்சி நேரே டைம் ஆபீஸுக்கு வந்தார்.

"லே, நான் வேலைக்குச் சேந்தன்னைக்கு அடைமழை. ஆத்துல வெள்ளம் போயி, பாலத்துலயே அரை நாள் நின்னேன். ஜூன் மாசம் ஏது லே அடைமழை?"

"அண்ணாச்சி, அஞ்சு மாசம்தான..." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

ஆர்டரை எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தேதி தப்பு என்று அவர் சொன்னதும், ஜி.எம். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். முகம் மாறியது.

"சர்வீஸ் தேதியை மாற்றுவது வேலையை விட்டே அனுப்புகிற குற்றம். யார் செய்தது இது?" கேள்வி அண்ணாச்சிக்கு; கண் என்மேல் இருந்தது. எங்கள் வீட்டில் வேலை பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் சார். தம்பி எங்கிட்ட எந்த மாசம்னு கேட்டான். நான் ஜூன்னுட்டேன். அவன் அத நம்பி அடிச்சிட்டான்."

ஜி.எம். அவரை நெடுநேரம் பார்த்தார். வடை ஓட்டையைக்கூட விட்டுவைக்காத மனிதர் தான் சேர்ந்த மாசத்தை மறந்தார் என்று நம்புவதற்கு அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. "அப்படியானால் உங்களுக்கு ஒரு மெமோ கொடுக்க வேண்டிவரும்" என்றார் மெதுவாக.

"குடுங்க சார். தப்புன்னா தப்புதான?"

அந்த மெமோவை அடித்தவன் நான். அவருடைய சர்வீஸிலேயே முதல் மெமோ. அவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார். "ரெண்டாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு, பாரு. சரியா அடிச்சிக் கொண்டா" என்றார். மறுபடி அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

ஃபோர்மேன் வேலை ஒரு வருஷம் தள்ளி, புது ஜி.எம். காலத்தில்தான் வந்தது. மெமோ கொடுத்த வாரத்தில் ஒருநாள் தெருக்குழாயடியில் மதினியைப் பார்த்தேன். ஏசுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஏன் தம்பி, உங்க அண்ணாச்சி தப்பா ஜூன்னு சொன்னாகளாமே? கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த மனுசன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. என் குழம்பு நல்லாருக்குன்னுகூடச் சொன்னதில்ல." குடம் நிரம்புகிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒம்மேல அம்புட்டுப் பிரியமா அவுகளுக்கு?"

குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டைப் பார்த்து நடந்தேன்.